தாகத்தை ஆயுதமாக்குவோர் யாருக்குப் பதில் சொல்வர்?



யூதித்து நூலின் 7-ஆம் அதிகாரத்தை இன்று சிந்திப்போம். பெத்தூலியாவை முற்றுகையிட்ட ஒலோபெரினுக்கு உடனிருந்தவர்கள் ஓர் ஆலோசனை சொல்கிறார்கள்: மலையேறிப் போரிட வேண்டாம், அடிவாரத்து ஊற்றைக் கைப்பற்றினால் போதும், மற்றதைத் தாகம் பார்த்துக்கொள்ளும். அப்படியே செய்தார்கள். 34 நாள்களில் நீர்த்தொட்டிகள் வற்றின. குழந்தைகள் சோர்ந்தார்கள், பெண்களும் இளைஞர்களும் தெருக்களில் மயங்கி விழுந்தார்கள்.

தருமபுரி மக்களாகிய நமக்குத் தண்ணீரின் அருமை தெரியும். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல் கறைபட்டு, எலும்பு வலுவிழந்த தலைமுறை நம்முடையது. அந்தத் துன்பம் தீரத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாய் உடைந்து நான்கு நாள் தண்ணீர் வராவிட்டாலே நம் வீடுகள் படும் பாடு நமக்குத் தெரியும். அதையே ஒருவர் வேண்டுமென்றே செய்தால்?

இலங்கையில் அப்படி நடந்தது. 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாறு மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். தங்கள் பகுதி மக்களுக்கு வாக்களித்த குடிநீர்த் திட்டத்தை அரசு தரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் தண்ணீர் இழந்தவர்கள் ஏறத்தாழ 15,000 விவசாயக் குடும்பத்தினர். அரசோ விமானக் குண்டுவீச்சோடும் படையெடுப்போடும் பதில் சொன்னது. ஆகஸ்ட் 8-இல் மதகு திறந்தது. ஆனால் தொடங்கிய போர் 2009 மே வரை ஓயவில்லை.

அதே நாள்களில், அருகிலிருந்த மூதூரில், பிரான்சு நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்டோருக்குக் குடிநீர், சுகாதார வசதி செய்து தந்தவர்கள் அவர்கள். இலங்கைப் பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறியது, அரசு மறுத்தது. குடியரசுத் தலைவர் அமைத்த ஆணைக்குழுவும் விசாரித்தது. ஆனால் இக்கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்க்கப்பட்ட நெறிமுறைகள், குடிநீர் நிலையங்களையும் பாசன அமைப்புகளையும், மக்களைப் பட்டினி போடும் நோக்கத்தோடு தாக்கவோ, அழிக்கவோ, பயனற்றதாக்கவோ கூடாது என்கின்றன. ஆகவே அணையை உடைப்பது மட்டுமல்ல, அந்த நோக்கத்தோடு மதகை மூடி வைப்பதும் இத்தடைக்குள் வரும். இந்தியாவும் இலங்கையும் அந்த நெறிமுறைகளை ஏற்கவில்லை. ஆயினும் இவ்விதி போர் மரபுச் சட்டமாகி, அரசுப் படைகளையும் ஆயுதக் குழுக்களையும் கட்டுப்படுத்துகிறது.

பொறுப்பு யாருக்கு? கட்டளையிட்டவருக்கு; தமக்குக் கீழிருப்பவர் செய்வதை அறிந்தும் தடுக்காத தளபதிக்கு; செய்து முடித்தவருக்கும்தான். ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் தெளிவாகக் கற்பித்தது. அநீதியான கட்டளைகளை வெளிப்படையாக எதிர்ப்பவரை அது பாராட்டுகிறது.

நீதி கேட்கும்போது நம்மவர், பிறர் என்று பிரிக்கலாமா? மதகை மூடியவர் தமிழர் என்பதால் நாம் மௌனம் காத்தால், மூதூரில் இறந்தவர்களுக்காகப் பேசும் உரிமையை இழக்கிறோம். மாவிலாற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்களில் சிங்களர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, தமிழரும் உண்டு. தாகத்துக்கு இனம் இல்லை.

தொடக்கநூல் 26-இல் பெலிஸ்தியர் கிணறுகளை மண்ணால் தூர்க்கிறார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டுகிறார். சண்டை வந்த கிணறுகளை விட்டு, சண்டையில்லாத ஒன்று கிடைக்கும்வரை தோண்டிக்கொண்டே போகிறார். நமக்கும் அதுவே வழி. நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் சொல்வதைப் பொறுமையோடு கேட்போம். நம் ஊர்க் குழாயடியில் சாதி பார்த்து யாரையும் ஒதுக்காதிருப்போம். போரில் நீரைத் தடுப்பவர், அவர் எத்தரப்பினராயினும், நீதியின்முன் நிற்க வேண்டும் என்று கேட்போம்.

சிலுவையில் தாகம் என்று சொன்ன ஆண்டவர், தாகத்தோடு வாழும் ஒவ்வொருவரிலும் இன்றும் நம்மிடம் தண்ணீர் கேட்கிறார். அவருக்குச் செவிகொடுக்கும் வரத்தை அவரிடமே மன்றாடுவோம். ஆமென்.