உடம்புக் கணக்கு – 9: எழுதாமல் விட்ட சாப்பாடு

“நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான். காலையில் மூணு தோசை, மதியம் ரெண்டு கரண்டி சாதம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அப்படியும் எடை அசைய மாட்டேங்குது.” இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது. எழுதுகிறவர்களில் பெண்கள் அதிகம். பொய் சொல்ல அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பலரும் இந்தப் புகாரோடு டாக்டரிடம் போய், “வாயைக் கட்டுங்கம்மா” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகிறார்கள். எதை, எவ்வளவு கட்டுவது என்று சொல்லாத அந்த அறிவுரையால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

1992-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் இதே புகாரோடு வந்த 10 பேரைச் சோதித்தார்கள். தினம் 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்கள் அவர்கள். வழக்கத்தைவிடச் சற்றுக் கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் எந்த வேகத்தில் வெளியேறுகின்றன என்று பார்த்தால், உடம்பு எரித்த மொத்தக் கலோரி தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில், அந்த உடம்புகள் எரிக்க வேண்டிய அளவுக்குச் சரியாகவே எரித்துக்கொண்டிருந்தன. உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், உண்மையில் உழைத்ததைவிட 51 சதவீதம் அதிகமாகவும் அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். கோளாறு உடம்பில் இல்லை, குறிப்பில் இருந்தது.

நம் வீட்டுக் குறிப்பில் எது விடுபடுகிறது? முதலில் எண்ணெய். மேலே சொன்ன மூன்று தோசையையே எடுத்துக்கொள்வோம். மாவை ஊற்றிச் சுற்றிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய், திருப்பிப் போட்டதும் இன்னொரு ஸ்பூன். மூன்று தோசைக்கு ஆறு சின்ன ஸ்பூன், அதாவது 27 கிராம் எண்ணெய். கிராமுக்கு 9 கலோரி வீதம் 240 கலோரிக்கு மேல். உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் 20 கிராம், ஆணுக்கு 25 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. காலைப் பலகாரத்திலேயே அது தாண்டிவிட்டது. சட்னியில் அரைத்த தேங்காயும் மதியத் தாளிப்பும் பொரியலும் இன்னும் கணக்குக்கே வரவில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 கிராம். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்து வகுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது காபி, டீ. நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 35 கிராமை நெருங்குகிறது. பாலைச் சேர்க்காமல் இது மட்டும். இதைச் ‘சாப்பாடு’ என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பிறகு, சமைக்கிறவர் சாப்பிடும் சாப்பாடு. உப்பு பார்க்க ஒரு வாய், வடை வெந்ததா என்று ஒரு விள்ளல், பள்ளிக்கூட டப்பாவில் பிள்ளை மிச்சம் வைத்த எலுமிச்சை சாதம், ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது கொட்ட மனசு வராமல் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்ட ரெண்டு கரண்டி. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடாததால் இது எதுவும் நினைவில் நிற்பதில்லை. கடைசியாகச் சாப்பிட்டு, மீந்ததைத் தீர்ப்பது பெண்ணின் வேலை என்று வைத்திருக்கிற வீட்டில், அவள் எடைக்கு அவளை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைக்கும் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும்.

சிறுதானியத்திலும் ஒரு தவறான நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பும் கேழ்வரகும் நல்லவை. நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும். ஆனால் 100 கிராமில் அவை தரும் கலோரி அரிசியைவிட அப்படியொன்றும் குறைவில்லை. கம்புதானே என்று இரண்டு கிண்ணம் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். வெந்நீரில் கலக்கும் தேனும் அப்படியே, ஒரு மேசைக்கரண்டிக்கு 60 கலோரிக்கு மேல்.

உடற்பயிற்சிக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 கலோரி போலச் செலவாகும். நடைப்பயிற்சி முடித்துப் பூங்கா வாசலில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் 200 கலோரி உள்ளே வந்துவிடுகிறது. நடப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை செய்யும் நன்மைக்கு ஈடு கிடையாது. கொழுப்பு குறைய நடை மட்டும் போதும் என்று நம்புவதுதான் பிழை.

தொப்பையைக் கரைக்க வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு உழைக்கிறார்கள். 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்த கையில் தசை கூடியிருந்தது, தோலுக்கடியில் இருந்த கொழுப்போ இரண்டு கையிலும் ஒன்றுதான். 1984-ல் இன்னொரு ஆய்வில் 27 நாளில் ஆளுக்கு 5,004 முறை படுத்து எழுந்தார்கள். வயிற்றுக் கொழுப்பு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

இதைவிடப் பெரிய கேடு பட்டினி. ராத்திரி வெறும் பழம், காலையில் கஞ்சித் தண்ணீர் என்று இறங்கினால் முதல் வாரமே இரண்டு கிலோ குறையும். அதில் பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அது தீரும்போது தண்ணீரும் போய்விடுகிறது. மூன்றாவது வாரம் முள் நின்றதும் மனம் ஒடிந்து விட்டுவிடுகிறார்கள். இதற்குள் தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும்.

நமக்கு அந்தத் தசை இழப்பு கட்டுப்படியாகாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பிலும் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்தப் படம் உலகத்துக்குக் காட்டியது. ஆகவே சாதத்தைக் குறைக்கிற அன்றே பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 30 கிராம் பருப்பில் 7 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குக் குறைந்தது 50 கிராம் வேண்டும். தெளிந்த சாம்பாரும் ரசமும் அதைத் தராது. வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி தேவை, பெண்களுக்கும்தான். ஜிம் இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பதும் போதும்.

வரும் வாரத்துக்கு ஒரு வேலை. எதையும் குறைக்க வேண்டாம், எழுதுங்கள். காலையில் அன்றைய எண்ணெயைக் கிண்ணத்தில் அளந்து வைத்து அதிலிருந்தே சமையுங்கள். நின்றபடி சாப்பிட்டதையும் குறியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவால் சுற்றளவை அளந்து தேதியோடு வையுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம், சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும். தூக்கம் குறைந்தால் பசி ஏன் கூடுகிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)