கதவு திறக்குமுன் கைமாறும் குட்டி வீடுகள்

சத்தம் போடாமல் வாருங்கள், சமையலறை வழியாக உள்ளே போய்விடலாம். முன்வாசலில் கூட்டம் காத்து நிற்கிறது; சந்தை தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் பென்ரித் பக்கம் ஒரு ஊர்ப் பொதுக்கூடம். "பெட்டி தூக்கினா உள்ளே வரலாம்" என்று ஒரு வியாபாரி சொன்னதும் சட்டைக் கையை மடித்துவிட்டேன்!

உள்ளே கால் வைக்க இடமில்லை. வாழைப்பழம் வந்த அட்டைப் பெட்டிகள், கசங்கிய செய்தித்தாள், பபிள் ராப், பாதி குடித்த தேநீர்க் கோப்பைகள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளங்கையில் ஒரு வீடு! வைக்கோல் வேய்ந்த கூரை, கரடுமுரடான கல் சுவர், நிலைப்படியைத் தொட்டுப் படரும் ரோஜாக்கொடி. கவிழ்த்தால் அடியில் பச்சைத் துணி. இதுதான் 'லில்லிபுட் லேன்'. டேவிட் டேட் 1982இல் பென்ரித்தில் தொடங்கிய நிறுவனம். 2016இல் மூடப்பட்டது. இனி புதிதாக வராது என்பதால்தான் இங்கே இத்தனை பரபரப்பு.

மூலை மேசையில் இருக்கும் அம்மா, அந்தக் காலத்தில் இதற்கு வண்ணம் தீட்டியவராம். மெழுகில் செதுக்கி, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் வார்த்து உலர்ந்த வெள்ளை வீடு மேசைக்கு வரும். பிறகு ஒவ்வொரு பூவும் தூரிகை முனையில்தான் மலர வேண்டும். "ஜன்னல் கம்பி வரையும்போது யாராவது தும்மினா போச்சு!" என்று சிரிக்கிறார். கூரை ஓரத்துப் பாசியைக் காட்டும்போது மட்டும் குரலில் தனிப் பெருமை.

பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு புகைபோக்கியை விரல் நுனியால் தடவுகிறார். முதலில் உடைவது அதுதானாம். கண்ணுக்குத் தப்பும் சில்லு விரலுக்குத் தப்பாது. சந்தேகம் வந்தால் புற ஊதா டார்ச்சை அடிக்கிறார். பின்னால் பூசிய வண்ணம் வேறு நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தூசி தட்ட மென்மையான தூரிகை போதும். ஈரத்துணியோடு யாராவது நெருங்கினால் நாலு பக்கமிருந்தும் அலறல்!

வெளியில் காத்திருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு கூத்து: கதவு திறக்குமுன்பே பாதி வியாபாரம் இங்கேயே நடக்கிறது. இவர் மேசையிலிருந்து அவர் மேசைக்கு வீடுகள் குடிபெயர்கின்றன. ஒரு காலத்தில் நல்ல விலைக்குப் போனவற்றில் பல, இன்று சில பவுண்டுகளுக்கே கிடைக்கின்றன. ஆரம்பகால வார்ப்பு, குறைந்த எண்ணிக்கையில் வந்தது என்றால் பேரம் சூடாகும். அசல் பெட்டியும் வீட்டோடு வந்த குட்டிப் பத்திரமும் இருந்தால் இன்னும் மதிப்பு. ஆமாம், இந்த வீடுகளுக்கும் பத்திரம் உண்டு! "இன்னைக்கு ஒரு தெருவையே வித்துட்டேன்" என்று ஒருவர் கத்த, கூடமே சிரிக்கிறது.

கதவு திறந்தது. நெரிசலில் வியர்த்துக் கொட்டுகிறது. வயதான ஒருவர் தன் வீட்டின் பெயரைச் சொல்லி, அதன் பத்திரம் மட்டும் தொலைந்துவிட்டது என்கிறார். உடனே மூன்று வியாபாரிகள் விற்பனையை விட்டுவிட்டுப் பெட்டிகளைக் குடைகிறார்கள். கடைசியில் ஒரு உறையின் அடியில் அதே பெயரோடு ஒரு தாள்! எவ்வளவு என்று அவர் பணப்பையை எடுக்க, வியாபாரி கையமர்த்துகிறார்: "வீடு உங்ககிட்ட இருக்கு, பத்திரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? எடுத்துட்டுப் போங்க!"