பரிசு பெற்றும் பந்தியிற் சேராதவர்: நடிகை ஹற்றி மக்டானியேல்

அமெரிக்கத் திரையுலகிற் புகழீட்டிய நடிகையர் பலர். அவர்களுட் பெரும்பாலோரின் வரலாறு, வறுமையிற் பிறந்து வளமையில் முடிந்த கதையாகவே சொல்லப்படும். இன்று நாம் எடுத்துக்கொண்ட நடிகையின் வரலாறோ அவ்வளவு எளிதிற் சொல்லி முடிக்கத் தக்கதன்று. நாட்டின் மிக உயர்ந்த நடிப்புப் பரிசைப் பெற்ற இரவிலேயே, உடன் நடித்தோருடன் ஒரே மேசையில் அமர இடம் மறுக்கப்பட்டவர் அவர். அவர்தாம் ஹற்றி மக்டானியேல்.

ஹற்றி 1893 ஆம் ஆண்டு யூன் மாதம் 10 ஆந் திகதி கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தந்தையார் ஹென்றி, உள்நாட்டுப் போரிலே வடபாற் படையிற் சேர்ந்து போராடியவர். தாயார் சூசன், தேவாலயங்களிற் பத்திப் பாடல் பாடியவர். பிள்ளைகள் பதின்மூவருள் ஹற்றியே கடைக்குட்டி. குடும்பம் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியிற் பயிலும் பருவத்திலேயே பாட்டாலும் ஒப்பித்தலாலும் ஹற்றி பெயர் பெற்றார். பின்னர்த் தமையன்மாரின் நாடகக் குழுவிற் சேர்ந்து ஊர்தோறும் சென்று பாடினார். 1920 களிலே டென்வர் வானொலியிற் பாடி, அமெரிக்க வானொலியில் ஒலித்த முதற் கறுப்பினப் பெண் குரல்களுள் ஒன்றுக்கு உரியவரானார்.

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி நாடகக் குழுக்களைச் சிதறடித்தது. மில்வோக்கி நகரில் வேலையின்றி நின்ற ஹற்றி, இரவு விடுதி ஒன்றின் கழிவறையிற் பணிப்பெண்ணாய் அமர்ந்தார். பாடத் தெரிந்தவர் என்பதை அறிந்து அவ்விடுதியார் மேடையேற்றிய பின்னரே அவர் மீண்டும் பாடகியானார். 1931 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். அங்கும் வானொலி ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. ஒருபால் வானொலியிற் பாடுவதும், மறுபால் பிறர் வீட்டில் வேலை செய்வதுமாக நாட்கள் கழிந்தன. திரைப்படங்களிற் கிடைத்தவையும் பணிப்பெண் வேடங்களே. அவற்றுட் பலவற்றில் அவர் பெயர் திரையிற் காட்டப்படவுமில்லை. 1934 இல் வெளிவந்த 'ஜட்ஜ் பிறீஸ்ற்', 1936 இல் வெளிவந்த 'ஷோ போற்' ஆகிய படங்கள் அவர் திறமையை உலகறியச் செய்தன.

1939 இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' என்னும் படத்திலே, கதாநாயகியை வளர்த்தெடுத்த செவிலித்தாய் வேடம் ஹற்றிக்குக் கிடைத்தது. ஒரு குழந்தை இறந்தபின், அதன் பெற்றோர் துயரால் ஒருவரையொருவர் எவ்வாறு வருத்துகின்றனர் என்பதைப் படம் நேரிற் காட்டவில்லை. மாடிப்படியில் ஏறிக்கொண்டே செவிலித்தாய் சொல்லும் சொற்களாலேயே நாம் அதனை அறிகிறோம். காட்சிக் கலையிலே குரல் ஒன்றே அத்துயரைச் சுமந்து நிற்கிறது. வானொலியிற் பழகிய குரலின் வலிமை அது.

அப்படம் 1939 டிசெம்பர் 15 ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அம்மாநிலத்து இனப் பிரிவினைச் சட்டங்களின் காரணமாக, ஹற்றி அவ்விழாவுக்குச் செல்லவில்லை. 1940 பெப்ரவரி 29 ஆந் திகதி துணை நடிகைக்கான ஒஸ்கார் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. விழா நடந்த ஹோட்டலோ கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காதது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் இசைவு கேட்டுப் பெற்ற பின்னரே அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். அப்போதும் சுவரோரத்தில் இட்ட தனி மேசையே அவருக்குக் கிடைத்தது.

பரிசின் பின்னரும் அவருக்கு வந்தவை பணிப்பெண் வேடங்களே. இத்தகைய வேடங்கள் கறுப்பின மக்களை இழிவுபடுத்துகின்றன என்று அம்மக்களின் உரிமைச் சங்கத் தலைவர் வோல்ரர் வைற் கண்டித்தார். வேலைக்காரியாய் உழைத்துச் சில டொலர் பெறுவதினும், வேலைக்காரியாய் நடித்துப் பன்மடங்கு பெறுவது மேல் என்பது ஹற்றியின் மறுமொழியாக வழங்குகிறது. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. வைற் சாடியது வேடத்தை. ஹற்றி காத்தது பிழைப்பை. வேறு வேடம் எழுதாதவர்களே இருவரையும் எதிரெதிரே நிறுத்தினர்.

ஆயினும் ஹற்றி பணிந்தே வாழ்ந்தவர் அல்லர். லொஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ற் அடம்ஸ் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருத்தலாகாது என்னும் உறுதிப்பத்திர நிபந்தனையைக் காட்டி அயலவர் வழக்கிட்டனர். ஹற்றியும் அங்கு வீடு வாங்கிய ஏனைய கறுப்பினத்தவரும் ஒன்றுகூடி எதிர்வழக்காடினர். 1945 டிசெம்பரில் நீதிபதி தேர்மண்ட் கிளார்க், அரசியலமைப்பின் பதினான்காந் திருத்தத்தைக் காட்டி அவ்வழக்கைத் தள்ளினார். 1948 இல் நாட்டின் உயர் நீதிமன்றமும், வேறொரு வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது எனத் தீர்ப்பளித்தது.

1947 இல் 'பியூலா' என்னும் வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரம் ஹற்றியை வந்தடைந்தது. பியூலா ஒரு கறுப்பினப் பெண். ஆயினும் அதுவரை அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தோர் வெள்ளை இன ஆடவர். தனக்குரிய குரலை அப்பாத்திரம் பெற்றது அப்போதுதான். தொலைக்காட்சியிலும் அவர் அவ்வேடம் ஏற்றார். ஆயினும் புற்றுநோய் வாட்ட, 1952 ஒக்டோபர் 26 ஆந் திகதி காலமானார்.

ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவர் இறுதி விருப்பம். வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாயிருந்த அம்மயானம் இடந்தர மறுத்தது. அவர் உடல் ரோஸ்டேல் மயானத்திற் புதைக்கப்பட்டது. 1999 இலே ஹொலிவூட் மயானத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற ஒஸ்கார் பரிசு காணாமற் போயிற்று. அதற்கு ஈடாக 2023 இல் புதியதொன்று வழங்கப்பட்டது. அவருக்குப் பின் மற்றொரு கறுப்பின நடிகை, வூப்பி கோல்ட்பேர்க், அப்பரிசைப் பெற ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

கல்லும் பரிசும் பிந்தி வந்தாலும் வந்தன. சுவரோரத்து மேசைக்கோ ஈடு செய்ய இயலாது. ஒரு கலைஞரின் திறமையைப் போற்றிக்கொண்டே, அவருடைய மனிதத் தன்மையை ஒரு சமுதாயம் மறுக்க முடியும் என்பதற்கு ஹற்றியின் வாழ்வு சான்று. கைதட்டல் வேறு, சமத்துவம் வேறு. முன்னையதைக் கண்டு பின்னையதும் வந்துவிட்டதென்று எண்ணி நாம் ஏமாறலாகாது.