ராக்மானினோவின் இரண்டாவது: எந்தப் பதிவைக் கேட்பது?

ராக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவுக்கு எத்தனையோ ஒலிப்பதிவுகள் உண்டு. எது நமக்கானது என்று கண்டுபிடிக்க முதல் நிமிடமே போதும் என்பது என் அனுபவம். வாத்தியக்குழு காத்திருக்க, பியானோ தனியாகக் கனத்த சுரக்கொத்துகளை எழுப்பும். ஒவ்வொன்றின் முடிவிலும் அடிமந்தரத்தில் ஒரே சுரம் விழும். ஒலி படிப்படியாகப் பெருகும்.

ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் 1959இல் வார்சா பில்ஹார்மோனிக்குடன் வாசித்த பதிவில் இந்த இடம் அவ்வளவு நிதானமாக நகரும். அடுத்தது எப்போது வரும் என்று நெஞ்சு பதறும். வயலின்கள் நுழையும்போது அணை திறந்தது போலிருக்கும். எனக்கு இதற்கு இணையாக இன்னொன்று அமையவில்லை.

ராக்மானினோவே வாசித்த 1929 பதிவு வேறு ரகம். ஸ்டோகோவ்ஸ்கி நடத்த, ஃபிலடெல்ஃபியா வாத்தியக்குழு உடன் வாசிக்கிறது. 1897இல் முதல் சிம்பொனி தோற்று, எழுதவே முடியாமல் முடங்கியவர் ராக்மானினோவ். மருத்துவர் நிக்கோலாய் டாலின் சிகிச்சையால் மீண்டு, இந்தப் படைப்பை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் வாசிப்பில் புலம்பல் துளியும் இல்லை. வேகமாக, நிமிர்ந்து போகிறார். பழைய இசைத்தட்டின் இரைச்சல் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகிவிடும்.

இரண்டாம் பகுதியின் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் துலக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் பியானோ கலைஞர் அஷ்கெனாஸி, நடத்துநர் பிரெவின் இணையின் லண்டன் பதிவு இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் ரிக்டரில் தொடங்குங்கள். இசை மனத்தில் பதிந்தபின் 1929க்குப் போங்கள்.