காரில் வசதியும் எளிமையும்

மூணாற்றில் வாழும் நம்மவர் இல்லங்களில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், உடனே இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. தொடுதிரையும் திறக்கும் கூரையும் வேண்டும் என்பர் இளையோர். ஓட்டவும் பழுது பார்க்கவும் எளிதாயிருந்தால் போதும் என்பர் மூத்தோர்.

மூத்தோர் சொல்லில் நியாயமுண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் இன்றும் ஜீப்பையே நம்புகிறோம். 2014 வரை உருவான அம்பாசடரைப் பழுது பார்க்கச் சிற்றூர்களிலும் ஆளிருந்தனர்.

ஆயினும், எளிமையின் பெயரால் பாதுகாப்பைத் துறத்தல் தகாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் ஊர் செல்லும் போடிமெட்டுச் சாலையை எண்ணிப் பாருங்கள். ஈரமான வளைவில் பிரேக்கை அழுத்தி மிதித்தால், சக்கரம் சுழலாது நின்று வண்டி வழுக்கும். அதனைத் தடுப்பதே ஏ.பி.எஸ். அமைப்பு. இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களில் அதுவும், ஓட்டுநருக்கான காற்றுப்பையும் கட்டாயமாயின. பழைய கார் வாங்குவோர் இவ்விரண்டும் உளவா என முதலில் கேட்டறிதல் வேண்டும். மேட்டில் நிறுத்திப் புறப்படுகையில் வண்டி பின்னோக்கி உருளாமல் காக்கும் வசதியும் நமக்கு ஆடம்பரமன்று. கூரை திறப்பதோ, ஆண்டில் பாதி மழை பெய்யும் ஊரில் அவசியமன்று.

எவ்வண்டியாயினும், ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய பாடத்தை மட்டும் மறவாதிருப்போம். அதனை எந்தத் தொடுதிரையும் நமக்காகச் செய்துவிடாது.