லயத்துத் தோழர்களைத் தேடுங்கள்
மெர்போக் என்றால் பலருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம்தான். எனக்கு, 1990களின் இறுதியில் கித்தாக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, கையில் சூடு வைத்துவிட்டு ஓடிய லயத்துத் தோழர்கள்.

எங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். அம்மாமார் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், எந்த வீட்டில் பசியாறினோம் என்று யாரும் கேட்பதில்லை.

தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு. கித்தா போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த், ஜொகூர் என்று ஆளுக்கொரு பக்கம் போனோம்.

புக்கிட் பத்து பஹாட்டின் பழங்காலச் சண்டியை 1960 வாக்கில் கல் கல்லாக அடுக்கி மீட்டார்கள். இடிந்த லயத்தை அப்படி மீட்க முடியாது. ஆனால், ஆட்களைத் தேடலாம். வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் சிலர் இன்றும் பெயரோடு பழைய தோட்டத்தையும் சொல்கிறார்கள், யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான்.

யார் எங்கே குடிபோனார்கள் என்பது நம் அப்பா அம்மாவுக்குத்தான் தெரியும். அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.