சீட்டுக்கு சீசன் கிடையாது

ஆடியில் படுத்த வியாபாரம் தீபாவளிக்கு எழுந்துவிடும் என்பது நம் அனுபவம். கைப்பேசியில் போக்கர் ஆடும் நம்மவர்களைக் கெடுப்பதும் இந்த அனுபவமே. நம் கடைவீதி நண்பர் ஒருவர், "பத்து ஆட்டம் போய்விட்டது, இனி வந்தே தீரும்" என்று, பருப்பு மண்டிக்குக் கட்ட வைத்திருந்த ரூ.40,000-ஐயும் விட்டார். மண்டிக்காரர் வீட்டுக்கு வந்த பிறகே மனைவிக்கு விஷயம் தெரிந்தது.

சரக்குக்கு சீசன் உண்டு; சீட்டுக்குக் கிடையாது. கலைத்துப் போட்ட கட்டுக்கு நமது நேற்றைய நஷ்டம் தெரியாது. இரண்டு ஆஸ் வைத்திருப்பவர்கூட இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் சுமார் ஐந்தில் ஒரு முறை தோற்கிறார். கெட்டிக்காரருக்கும் தொடர் தோல்வி வரும். யார் ஜெயித்தாலும் ஆட்டம் நடத்துபவருக்குக் கமிஷன். (நம் தரகர்களாவது சரக்கைக் காட்டுகிறார்கள்!)

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதன் பிறகும் திருட்டுத்தனமாக நடக்கும் தளங்களில் விட்டதைப் பிடிக்கப் போகிறவர்கள், ஜெயித்த பணம் வராவிட்டால் யாரிடம் முறையிடுவார்கள்?

விட்ட தொகையை வராக்கடனாகப் பேரேட்டில் எழுதிக் கோடு போட்டுவிடுங்கள். வராக்கடனைப் பிடிக்க யாரும் புதுக் கடன் கொடுப்பதில்லை. கடையின் வங்கிக் கணக்கைக் கொஞ்ச காலம் வீட்டாரோ கூட்டாளியோ பார்க்கட்டும். வெளியே தெரியாமலிருக்க மீட்டர் வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.